மதர் அறையில் தொங்கிய பிரம்பு

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் நலத்தைப் பற்றி உன் அம்மாவுக்குச் சில திருத்தங்கள் உண்டு, அவற்றை அவளே போனில் சொல்வாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது, மற்றபடி வீட்டில் விசேஷமில்லை. போன மாதம் நம் பள்ளி மதர் காலமான செய்தியைச் சொன்னபோது நீ அழுவாய் என்று கைக்குட்டையோடு காத்திருந்தேன். நீயோ, ‘அவங்கள நெனச்சா சிரிப்புதாம்ப்பா வருது’ என்றாய். பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் கடிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மதருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். பத்தொன்பது வருஷம் அவர் அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பள்ளிக் குமாஸ்தா என்பதால் வாழ்க்கைக் குறிப்பு என் தலையில் விழுந்தது. பாதி சுலபமாக வந்தது. இருபத்து நாலு வயதில் துறவறம், ஒரு பழைய கிடங்கில் நாற்பது பெண்களோடு முதல் பள்ளி, பன்னிரண்டு வயதோடு பெண்பிள்ளையை நிறுத்திவிடும் ஊரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி இரண்டாவது, பிறகு நம் ஊர்ப் பள்ளி. அடுத்த பாதிதான் உதைத்தது. முக்காட்டுக்குள் தலைமுடியை மறைத்து வாழ்ந்த அந்த அம்மாளுக்கு ஐந்து பிரிச் சடை பின்னத் தெரிந்திருந்தது. என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தார். ஒருநாள் அவர் அறையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் கேட்பது போல ஒரு விசில் வந்தது, நான் ஓடிப்போய் வாசல் காவலாளியைத் திட்டினேன். இதையெல்லாம் எந்த மடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? மற்ற சிஸ்டர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசி வாரம் மருத்துவ விடுதியில் பார்க்கப் போனபோது இன்னும் விநோதம். என்னைக் கண்டதும் மூன்று முறை தொண்டையைச் செருமினார், இல்லாத கண்ணாடியை விரல் முட்டியால் மேலே தள்ளினார், ‘இது... வந்து... ஒரு சின்ன கையெழுத்து, மதர்’ என்றார். தன்னையே குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டுவிட்டாரே, புத்தி தடுமாறிவிட்டதே என்று போர்வையை இழுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். அழுகிறார் என்று நானே ஆறுதல் சொன்னேன்.

புதிய தலைமை சிஸ்டர் நல்லவர், ஆனால் எதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் அவருக்கு. மதர் அறைச் சுவரில் தொங்கிய பிரம்பை வாசல் கூடத்தில் பெட்டி செய்து வைக்கப் போகிறார், ‘கண்டிப்பே உருவானவர்’ என்று பலகையோடு. என் குறிப்பும் அதே வரியில்தான் தொடங்கியது. அந்தப் பிரம்பை அவர் வந்த முதல் மாதம் வாங்கி வந்தவனே நான். ‘பாக்க பயமா இருக்கணும், அது போதும்’ என்றுதான் மதர் சொன்னார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பொருள் இருப்புப் பதிவேட்டில் ‘பிரம்பு, ஒன்று, நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதியவனும் நான். துடைப்பம் தேய்ந்தது, கரும்பலகை வெளுத்தது, மணியின் நாக்கே இரண்டு முறை விழுந்தது. பிரம்பு மட்டும் பத்தொன்பது வருஷம் நல்ல நிலையில் இருந்ததை என் கையாலேயே எழுதினேன், ஏன் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. இனி என்னைக் கெட்டிக்காரன் என்று யாரிடமும் சொல்லாதே.

உண்மை வெளியே வந்தது பல் டாக்டரிடம். அவளும் மதரின் மாணவிதான், ஒரே வருஷத்தில் மூன்று முறை அந்த அறைக்கு அனுப்பப்பட்டுப் பெயர் வாங்கியவள். என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, ‘உள்ள என்ன நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே அங்கிள், மதர் இருக்கிற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன், இப்ப சொல்லலாம்’ என்றாள். நான் ‘ஆ’ என்றேன், வேறு வழியில்லை. மதர் கதவைச் சாத்திவிட்டு, வந்தவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துத் தான் முக்காலியில் உட்கார்வாராம். ‘உனக்குத் தெரிஞ்சு எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லிக் குடு. நான் கத்துக்கிற வரைக்கும் உன்ன விட மாட்டேன்’ என்பாராம். இவள் சொல்லிக் கொடுத்தது விசில். ‘மதருக்கு சீக்கிரம் வரல அங்கிள், அதான் மூணு தடவ போனேன்’ என்றாள். ஏன் ரகசியம் என்று கண்ணாலேயே கேட்டேன். ‘தெரிஞ்சா அடுத்த நாளே மொத்த ஸ்கூலும் தப்பு பண்ணிட்டு வரிசைல நிக்கும்னு மதரே சொல்லுவாங்க’ என்றாள். அப்போதுதான் பல்லோடு சேர்ந்து இன்னொன்றும் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நீ ஒருநாள் அந்த அறைக்குள் போனாய். என் மேஜையைத் தாண்டித்தான் போனாய். முக்கால் மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தாய். ஆபீஸ்காரன் மகளே தண்டனைக்குப் போனாளே என்ற அவமானத்தில் ஒன்பது நாள் உன்னோடு நான் பேசவில்லை. என்ன குற்றம் என்றுகூடக் கேட்கவில்லை. வீங்கிய கன்னத்தோடு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், ‘வகுப்புல உங்கள மாதிரி நடந்து பேசிக் காட்டினா, டீச்சர் அனுப்பிட்டாங்க. நீங்க பேசாம இருந்த ஒன்பது நாளும் அவ அடுப்படில உங்கள மாதிரிதான் பேசிக்கிட்டு இருந்தா’ என்றாள். இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறாள். பிறகு கண்ணாடி முன் நின்று நானே செருமிப் பார்த்தேன். நீ சொல்லிக் கொடுத்த மதர் அளவுக்கு வரவில்லை.

முதல் வரியை அடித்துவிட்டேன். புதிய சிஸ்டரிடம் சொன்னால், ‘ஒரு விசிலை நம்பி எப்படிங்க மாத்துறது? எழுத்துல சாட்சி வேணும்’ என்கிறார். மலர் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. பல் டாக்டர் எழுதித் தந்துவிட்டாள். நீயும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் குறைக்காதே. கோர்ட்டில் யார் யாரோ சொல்வதை அவரவர் சொன்னபடியே மொழிபெயர்த்துச் சொல்லிப் பிழைக்கிறவள் நீ. அந்த வேலைக்கு முதல் பாடமாக இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். எழுதாவிட்டால் ஒரு நாளும் யார் மேலும் படாத அந்தப் பிரம்பு கண்ணாடிக்குள் ஏறிவிடும், இனி வருகிற பிள்ளைகள் அதைத்தான் மதர் என்று நினைப்பார்கள். அந்த ஒன்பது நாளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தப்பு என்னுடையது, அம்மா. நான் அந்த அறைக்குக் கையெழுத்து வாங்க மட்டுமே போனேன், ஒருமுறையாவது தண்டனைக்குப் போயிருக்கலாம்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். பேத்தி பள்ளியில் யாரையாவது நடித்துக் காட்டினால் அடக்காதே. இருபதாம் தேதியை மறக்காதே.

மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொண்டு,
ஒரு சின்ன கையெழுத்துடன்,
உன் அப்பா