உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறங்கிவிட்டது என்று போனேன். எனக்கு வந்த ப்ளைவுட் பலகைகளில் இரண்டு ஓரம் ஊதி, அப்பளம் மாதிரி. குடோன்காரன்: "மான்சூன் ஹை பாய், க்யா கரேங்கே." மழைக்காலமாம், என்ன செய்யவாம். நல்லதாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினேன். நனைந்த சாக்ஸ். தலைவலி.

நிலவரம்: பழைய மினி லாரி, வீட்டுக்குப் பின்னால். மேல்கூடு முடிந்தது. அலுமினியச் சட்டம், வெள்ளை ஃபைபர் ஷீட். பாக்கி கட்டில், சமையல் பெட்டி, தண்ணீர் கேன் ஸ்டாண்டு, விளக்கு. உள்ளே போகிற எல்லாம் சேர்த்து நூறு கிலோவைத் தாண்டக்கூடாது. ஸ்பிரிங் பட்டைகள் கிழடு. வடக்கே போகிற ரோடு முழுக்கப் பள்ளம்.

எதற்கு இந்தப் பாடு: மீனா வடக்கே லாங் ஐலண்ட் தீவுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் இங்கே படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சேர்ந்து இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இந்த வீட்டில் இரண்டே அறை, அதில் அப்பா, அம்மா, தம்பி. அவள் அறையில் இன்னும் இரண்டு டீச்சர்கள். போன மாதம் நடுவழி ஊரான ரங்கத்தில் லாட்ஜ். வெறும் பலகைத் தடுப்பு. பக்கத்து அறைக்காரன் தட்டி, "பாய்சாப், தோடா ஆஹிஸ்தா!" மெதுவாகவாம். மீனா விடியுமுன்பே பையைக் கட்டிவிட்டாள். படகு ஏறும்போதுதான் சொன்னாள்:

"இனிமே லாட்ஜ் கிடையாது. நமக்குன்னு ஒரு எடம் இல்லேன்னா வேலைய விட்டுட்டு தூத்துக்குடிக்கே போயிடறேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சும்மா சொல்கிற ஆள் இல்லை. 19 சனிக்கிழமை எரட்டா ஜெட்டிக்கு வருகிறாள். அதற்குள் லாரி ஓர் அறையாக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

ஒர்க்‌ஷாப் முடிந்து நேராகக் காசிம் பாய் மளிகைக் குடோன். மூட்டை எடை போடுகிற பெரிய தராசு அவரிடம்தான். கட்டில் பலகையில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு எடை குறைத்திருந்தேன்.

"என்ன தம்பி, சல்லடையா?"

"கட்டில்."

"வெங்காயம் போடுற தராசு தம்பி. மேல ஏறிப் படுத்துராதீங்க. எதுக்கு இதெல்லாம்?"

"மீன் பிடிக்கப் போக."

"சம்சாரம் லாங் ஐலண்டுலதான?"

"ஆமா."

"அங்க மீன் நல்லாக் கெடைக்கும்."

சிரிக்காமல் சொன்னார். அது இன்னும் மோசம்.

அப்பா கேட்கிறவர்களிடம் எல்லாம் 'டூரிஸ்ட் பிசினஸ்' என்கிறார். வீட்டில் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா இரண்டு தலையணை உறை தைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூலை 12, சனி

அப்பா படாக் மரப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல சிவப்பு, நல்ல கனம்.

"ப்ளைவுட்டுல எவனாவது கட்டில் செய்வானாலே? படாக் வெளையுற ஊருல இருந்துக்கிட்டு."

"எட்டு கிலோ இருக்கும். வேண்டாம்."

"ஒரு பலகதான."

"லாரிய கப்பல்னு நெனச்சீங்களா? ஒரு தடவ சொன்னா புரியாதா?"

சத்தம் கூடிவிட்டது. பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எடை விஷயத்தில் நான் சொன்னது சரி. ராத்திரிச் சாப்பாட்டில் என் பக்கம் பார்க்கவில்லை.

இருட்டுகிற நேரம் விளக்கு மாட்டினேன். புழுக்கம், சட்டையைக் கழற்றிவிட்டு வேலை. முதுகு சொறிந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதி வராந்தாவிலிருந்து: "அரே பேட்டா, சினிமா சல் ரஹா ஹை! டிக்கட் கித்னா?" சினிமா ஓடுகிறதாம், டிக்கெட் எவ்வளவாம். அவர்கள் குடும்பமே சிரிப்பு.

வெளியே வந்து பார்த்தேன். உள்ளே ஆணியில் தொங்கிய என் சட்டையின் நிழல், காலர் வரைக்கும் தெளிவாக ஷீட்டில். பகலில் விளக்கே தேவைப்படாது, அவ்வளவு வெளிச்சம் விடும் என்று நான் பெருமையடித்த அதே ஷீட்.

ஜூலை 13, ஞாயிறு

மீனா போன். அங்கே ஜெட்டிப் பக்கம் வந்தால்தான் சிக்னல், அதனால் கத்திப் பேசுவாள். கட்டில் எடை, ரிவெட், கேன் ஸ்டாண்டு எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"உள்ள இருந்து பூட்டலாமா?"

லாரியின் பின்கதவு. கொண்டி வெளிப்பக்கம். சரக்கு வண்டிக்கு அப்படித்தான் இருக்கும். வெங்காய மூட்டை உள்ளே இருந்து பூட்டிக்கொள்ளாது. இத்தனை நாள் கிராம் கணக்குப் பார்த்தவனுக்கு இது தோன்றவே இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ.

"பாக்கறேன்."

"பாருங்க." கட்.

வராந்தாவில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அதே பக்கம்.

ஜூலை 16, புதன்

மழை, மழை. ஷீட்டின் உள்பக்கம் பெயிண்ட் அடித்தேன். காயவில்லை. தொட்டால் கையோடு வருகிறது, துடைத்து எடுக்கவே ஒரு மாலை போயிற்று. பஜாரில் ஸ்டீல் தாழ்ப்பாள் வாங்கிக் கதவில் பொருத்தினேன். ஸ்குரூ முறுக்க முறுக்க ஷீட் கிழிந்தது. மெல்லிசு. நானே தேடி வாங்கிய மெல்லிசு.

நிழல் விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று மீனாவுக்கு மெசேஜ்: 'விளக்குப் போட்டால் வெளியே நிழல் தெரியும். பெயிண்ட் பிடிக்கவில்லை.'

பதில்: 'சரி.'

அவ்வளவுதான். சரி என்றால் என்ன அர்த்தம்.

இடுப்பு விட்டுப்போகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம் வேறு. ராத்திரி சோறு வேண்டாம் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

வேலை முடிந்து வந்தால் லாரிக் கதவின் உள்பக்கம் குறுக்கே ஒரு மரச்சட்டம். படாக். இரண்டு பக்க அலுமினியக் காலிலும் தாங்கி வைத்து போல்ட் போட்டிருக்கிறது. ஷீட்டைத் தொடவே இல்லை. சட்டத்தைத் தள்ளினால் சத்தமில்லாமல் போய் உட்காருகிறது. இழைத்து, மெழுகு தேய்த்து. அந்தப் பலகையை அறுத்துவிட்டார்.

அப்பா தோட்டத்தில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். மழையில்.

"காத்துக்குக் கதவு அடிச்சுக்கிடும்லா. அதான்."

"ம்."

"ஒண்ணரக் கிலோ. காசிம் கடையில போட்டுப் பாத்துட்டேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அடுக்களையில் அம்மா இருமினாள். இருமல் மாதிரி ஒன்று. சமையல் பெட்டியில் இரண்டாவது அடுப்பைக் கழற்றிப் போட்டேன். கணக்குச் சரி.

ஜூலை 19, சனி. எரட்டா

இருட்டோடு கிளம்பி முதல் கான்வாய், போலீஸ் காவலோடு காட்டைக் கடக்கிற வண்டி வரிசை. காட்டுக்குள் நிறுத்தக்கூடாது, வரிசையிலேயே உருட்டல். மிடில் ஸ்டிரெய்ட் ஜலசந்தியில் லாரியோடு படகில் ஏறி அக்கரை. பள்ளத்துக்குப் பள்ளம் சல்லடைக் கட்டில் கிறீச். அதையும் யோசிக்கவில்லை. ரப்பர் வைக்க வேண்டும்.

மதியம் ஜெட்டி. காற்று. படகு வருமா என்று கேட்டதற்கு டிக்கெட்காரர், "ஆயேகா தோ ஆயேகா." வந்தால் வருமாம். மூன்று டீ.

வந்தது. மீனா இறங்கினாள். கையில் பெரிய சூட்கேஸ், கல்யாணத்துக்கு வாங்கியது. வழக்கமாகத் தோள்பை ஒன்றுதான் கொண்டுவருவாள். வாங்கித் தூக்கினேன், நல்ல கனம். தூத்துக்குடியா என்று கேட்க வாய் வரவில்லை.

லாரிக்குள் ஏறினாள். மரச்சட்டத்தைத் தள்ளினாள். எடுத்தாள். மறுபடி தள்ளினாள்.

"யாரு செஞ்சா?"

"அப்பா."

"ஐயோ." முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சூட்கேஸைத் திறந்தாள். நீலத்தில் தடித்த திரைச்சீலை, இரட்டைத் துணி, வளையத்தோடு. புதன்கிழமையிலிருந்து தைத்தாளாம். கெட்டில், இரண்டு தட்டு, கொசுவலை, அவளுடைய வீட்டுச் செருப்பு.

"இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். எடை கிடைன்னு ஆரம்பிச்சீங்க..."

ஆரம்பிக்கவில்லை.

இருட்டுவதற்குள் திரை மாட்டியாயிற்று. இப்போது என்னை விளக்கோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு, நிழல் தெரிகிறதா என்று குடையோடு வெளியே சுற்றுகிறாள். சும்மா உட்காராதீங்க, அசையணும் என்று உத்தரவு. அதனால் இதை எழுதுகிறேன்.

"கையத் தூக்குங்க!"

தூக்கினேன்.

"தூக்கிட்டீங்களா?"

"தூக்கிட்டேன்!"

"ஒண்ணும் தெரியல!"

வருகிறாள்.