பொட்டு வைக்க இடமில்லாத படம்

புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பித்தளைச் சல்லடையின் ஓட்டைகளில் நீ அப்பிவிட்டுப் போன தோணிப் பெயிண்டைத்தான் சொல்கிறேன். முப்பது வருஷத்து நீலம். உன் அண்ணன் வந்து கேட்டுவிட்டுப் போனதிலிருந்து இதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை உனக்குப் பதினாறாம் நாள்.

அம்மா போனபோதும் இதே கூத்துதான். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஸ்டுடியோப் பக்கமே போகாதவள். முதல் வருஷத் திதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று உன்னிடம் வந்தேன். நீ பெண்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். அம்மாவின் முகம் உனக்குத் தெரியாததா?

"சல்லடையெல்லாம் குடு, வரைஞ்சுட்டுத் தாரேன்" என்றாய். முத்துகளைப் பருமன்படி பிரிக்கிற சல்லடைகள். இருபது, முப்பது, ஐம்பது என்று ஆயிரம் வரை ஓட்டைக் கணக்கே அவற்றுக்குப் பெயர். பாண்டியர் காலத்து அளவு என்று அப்பா பெருமையடிப்பார், சலிப்பதென்னவோ அம்மாதான். அம்மாவின் கையில் வைத்து வரையத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன், மடச்சி.

திதியன்று துணியை விலக்கினால் வட்டங்கள். பெரிய வட்டம், சின்ன வட்டம், கடுகு வட்டம். மூக்கில்லை, காதில்லை. சல்லடையையே அச்சாக வைத்துப் பெயிண்டை ஒற்றியிருக்கிறாய். குங்குமச் சிமிழோடு நின்ற சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, பொட்டு எங்கன வைக்கணும்?"

முகம் எங்கே என்று உன்னைக் கேட்டேன்.

"மொகம் எல்லாருக்குந்தான் இருக்கு. ஒங்கம்மை பாத்த அளவ வேற யாரு பாத்தா?"

அறைந்திருப்பேன். அதற்குள் அப்பா எழுந்து வந்துவிட்டார். வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார். அம்மா சலித்து முடித்ததும், ஓட்டையில் முத்து சிக்கியிருக்கிறதா என்று சல்லடையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓட்டைகளுக்குப் பின்னால் அவள் கண்கள் மட்டும் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவர் அப்பா. அத்தனை நீலத்துக்கு நடுவே இரண்டு வட்டங்கள் மட்டும் கறுப்பாக இருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். அவற்றுக்கு இடையில், சற்று மேலே, அப்பா பொட்டு வைத்தார்.

"இங்கனதான இருக்கா" என்றார்.

அப்போது ஒரு சிரிப்பு சிரித்தாய் பார், அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. கழுவித் தாரேன், கழுவித் தாரேன் என்றே சல்லடைகளைக் கழுவாமல் விட்டதையும் மன்னிக்கவில்லை.

"மாலை போட ஒரு போட்டோகூட இல்ல தங்கச்சி, ஒங்கிட்ட இருக்கா?" என்றுதான் உன் அண்ணன் கேட்டார். எங்கிருந்து இருக்கும்? கேமராவைக் கண்டால் முதுகைக் காட்டுவாய். என் அம்மாவைப் படமாக்கத் தெரிந்த உனக்கு உன்னை வரைந்து வைக்கத் தெரியவில்லை. கடைசிவரை அடுத்தவளுக்கு வேலை வைப்பதே உன் பிழைப்பு.

புளியைத் தூக்கி எறிந்துவிட்டேன். நாளைக்கு இந்த நீலச் சல்லடையைத்தான் உன் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறேன். மாலையும் போட்டுவிடுவேன். எத்தனை தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்தாலும், ஓட்டைகளுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

பொட்டு எங்கன வைக்கணும், சொல்லித் தொலையேன்.