காடு கூட்டிய சனிக்கிழமை

அண்ணை,

உங்கள் அந்தியேட்டிக்குப் போட்டுவர ஜாக்கெட் தேடினேன். கராஜில் தொங்கிய பழையதை எடுத்தபோது யூகலிப்டஸ் புகை மணந்தது. எத்தனை தரம் தோய்த்தும் போகாத மணம். அதையே போட்டுக்கொண்டேன். நீங்கள் போய் முப்பத்தொரு நாளாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனம் விறைத்துப்போய்க் கிடக்கிறது.

கோல்பர்னுக்கு அப்பால் நீங்கள் கடன்பட்டு வாங்கிய ஆட்டுப்பண்ணை. அதன் பின்பக்கக் காட்டைத் தொடாமல் விட்டுவைத்ததற்கு அரசாங்கம் வருடாவருடம் காசு தந்தது. அந்தக் காசில்தான் வங்கிக் கடன் ஓடியது. "சும்மா இருக்கிறதுக்குக் காசு தாறாங்கள் தம்பி. எனக்கெண்டே கண்டுபிடிச்ச வேலை" என்று எங்கள் சனம் குடியேறியிருக்கும் டூங்கபியில் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள்.

பிறகு நீங்கள் ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். "திங்கக்கிழமை காடு பாக்க ஆக்கள் வருகினம். நீ ஆட்டுக்குத் தண்ணி மட்டும் வச்சிட்டு வா" என்று கேற்றுத் திறப்பை என் கையில் தந்தீர்கள். சனிக்கிழமை போனேன். ஆள் வருகிற இடம் அப்படியா கிடப்பது? முறிந்த கொப்பும் உக்கின கட்டையும் முழங்கால் அளவு சருகும். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் விடியவே முற்றம் கூட்டிப் பழகிய கை. இந்த ஜாக்கெட்டோடுதான் இரண்டு நாளாக வாரிக் குவித்துக் கொளுத்தினேன். கடைசியில் தண்ணீரும் தெளித்தேன். கோயில் வீதி மாதிரி இருந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!

திங்கள் காலை உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே கொண்டுபோனேன். வந்த அதிகாரிப் பெண் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டைகளுக்குள்தான் பல்லியும் பாம்பும் குடியிருந்தனவாம்; அவற்றுக்காகத்தான் அந்தக் காசாம். யார் செய்தது என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் "நான்தான்" என்றீர்கள், தையல் போட்ட வயிற்றைச் சட்டையால் மூடிக்கொண்டு.

காரில் நான் அழுதேன். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "விசர்க்கதை கதையாதை. உன்ர விசா வரட்டும். அதுவரைக்கும் உன்ர பேர் ஒரு பேப்பரிலயும் ஏறக்கூடாது" என்றீர்கள்.

காசு நின்றது. அடுத்த வருடம் பண்ணையை விற்றீர்கள். எனக்கு நிரந்தர விசா வந்தது. அதற்குப் பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை; அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். காட்டைக் கூட்டிக் காணியைத் துலைத்த மனுசன் என்று சனம் உங்களைப் பகிடி பண்ணியபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

இன்று பந்தியிலும் ஒருவர் அதைத்தான் சொல்லிச் சிரித்தார். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். உங்கள் மனைவி கோப்பை கழுவிக்கொண்டு நின்றா.

"அக்கா, காட்டைக் கூட்டினது அண்ணை இல்லை. நான்."

அவ திரும்பவில்லை.

"தெரியும் தம்பி. முப்பது வருசத்தில அந்த மனுசன் ஒருநாள் விளக்குமாறு தொட்டதை நான் காணேல்லை. சோறு வைக்கட்டே?"

ஓம் என்றேன். சாப்பிட்டேன். உறைப்போ உப்போ தெரியவில்லை. உங்கள் பொய்யை நான் ஒருவன்தான் இவ்வளவு காலமும் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன், அண்ணை. அவவும் சுமந்திருக்கிறா, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே.

ஜாக்கெட்டை இனித் தோய்க்கமாட்டேன்.