இருபத்திரண்டு குடுக்குது

நாள் 1, 07:10. வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் சனிக்கோளின் நிலவான டைட்டனில் ஓடும் ஒரு சிறிய காரின் கணினி. இங்கே காற்றிலேயே மீத்தேன் உண்டு. அதை எரிப்பதற்கான ஆக்சிஜனைத்தான் தொட்டியில் சுமக்கிறோம். உள்ளே இருப்பவர்கள் சுவாசிப்பதும் அதே தொட்டியிலிருந்துதான். எனவே இங்கே மைலேஜ் என்பது ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. கார் புதிதாக இருந்தபோது இருபத்திரண்டு. இன்று பதின்மூன்று.

ஓட்டுபவர் தலைமை நிலவியலாளர் ஆளவந்தார். உடன் உதவியாளர் மங்கையர்க்கரசி. ஏரிக்கரையில் வேலை முடிந்தது. எங்கள் ஆய்வு நிலையம் 170 கிலோமீட்டர் தொலைவில். தொட்டியில் 12 கிலோ. போதாது.

நாள் 1, 07:40. மைலேஜ் குறைந்த விதம்

கார்மேல் பிழையில்லை. குளிரில் டயர் அழுத்தம் இறங்கும். ஆறு மாதமாக யாரும் குனிந்து பார்க்கவில்லை. காற்று வடிகட்டியில் ஆரஞ்சுத் தூசி அப்பியிருக்கிறது. ஆளவந்தார் தம் அறையிலிருந்து எண்பது அடி தள்ளியுள்ள உணவுக்கூடத்துக்குக் காரில்தான் போவார். இன்ஜின் சூடாகும் முன்பே அணைப்பார். தேநீருக்குப் பின் மீண்டும் கிளப்புவார். இதெல்லாம் சில்லறை. கூரைமேல் இரண்டடி உயரப் பலகை நிற்கிறது: "தலைமை நிலவியலாளர்". டைட்டனின் காற்று பூமியின் காற்றைவிட நான்கு மடங்கு அடர்த்தியானது. அதில் இந்த மனிதர் தம் பதவியை நிறுத்திவைத்து முட்டிக்கொண்டு போகிறார். முனைவர் பட்டம் பெற்றவர்.

நாள் 1, 08:05. வானொலி

நிலையத்திலுள்ள இன்னொரு காருக்குப் பொறுப்பாளர் ஞானப்பிரகாசம். அதே மாடல்.

"யோவ் ஆளவந்தாரு, கெளம்பியாச்சா? ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிட்டு எதிர்ல வரட்டுமா?"

"எதுக்குய்யா? நம்ம வண்டி இருபத்திரண்டு குடுக்குது."

"இன்னுமா? எனக்குப் பத்தொன்பதுதான்."

"ஓட்டுற கை அப்படி."

"சரி, அப்ப நான் வடக்குக் களத்துக்குக் கெளம்புறேன்."

ஒலிவாங்கி மூடப்பட்ட பின் காருக்குள் பதிவானது:

"சார், பதிமூணுதான் காட்டுது."

"மீட்டர் தப்பா காட்டுதும்மா. வாங்கினப்ப இருபத்திரண்டு. வண்டி அதேதானே?"

என் அளவீட்டில் பிழை 0.2 விழுக்காடு. அவருடையதை அளக்கக் கருவியில்லை.

நாள் 1, 12:30

எதிர்காற்று. மைலேஜ் 11.8.

"சார், அந்தப் போர்டையாவது கழட்டிடலாம். அஞ்சே நிமிஷம், நானே இறங்கிக் கழட்டுறேன்."

"போர்டு இல்லாம நிலையத்துக்குள்ள போனா என்னம்மா நெனப்பாங்க?"

"போய்ச் சேந்தாத்தானே சார் நெனக்கிறதுக்கு."

அவர் வேகத்தைக் கூட்டினார். சீக்கிரம் போனால் குறைவாகச் செலவாகும் என்பது அவர் கொள்கை. மைலேஜ் 10.9.

நாள் 1, 16:20

மூச்சுக்கென ஒதுக்கிய ஒரு கிலோவைத் தொடாமல் இன்ஜினை நிறுத்தினேன். நிலையம் இன்னும் 46 கிலோமீட்டர். இந்தக் குளிரில் கவச உடையோடு நடந்து கடக்க முடியாத தூரம். ஒரு கிலோ, இருவருக்கு நாளை விடியும் வரை. ஹீட்டருக்கு பேட்டரி மட்டுமே.

மங்கையர்க்கரசி ஆளவந்தார் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார். பத்து மாதத்தில் இந்தக் காருக்குள் நடந்த முதல் அறிவார்ந்த செயல்.

"ஞானப்பிரகாசம் சார், வண்டி நின்னுடுச்சு. இருபத்திரண்டு எல்லாம் பொய். உடனே சிலிண்டரோட வாங்க."



"அம்மா... நான் வடக்குக் களத்துல இருக்கேன்."

"பத்தொன்பது குடுக்குதே சார், எட்டு மணி நேரத்துல வந்துடலாமே!"

"எனக்கும் பத்தொன்பது இல்லம்மா. பதினொண்ணு. அவர் இருபத்திரண்டுன்னு சொல்லும்போது நான் எப்படிப் பதினொண்ணுன்னு சொல்றது? அந்தப் பத்தொன்பதையே கணக்கா வெச்சு இங்க வந்துட்டேன். நிலையத்துக்குத் திரும்பவே எனக்குப் பத்தாது."

நிலையத்தில் இரண்டு கார்கள்தான். இரண்டும் இப்போது வெளியே நிற்கின்றன.

நாள் 1, 23:50

பேட்டரி தீர்ந்துவருகிறது. வெப்பம் குறைகிறது. திரையின் ஒளியைத் தணித்துவிட்டேன். கணினியின் வேகமும் குறைந்துவிட்டது. சொற்கள் மெதுவாக வருகின்றன. மங்கையர்க்கரசி தம் அண்ணனுக்கு ஒரு செய்தி பதிந்தார். தனியே சேமித்திருக்கிறேன். அதை நான் விமர்சிக்கப் போவதில்லை.

ஆளவந்தாரை அழைத்து, அவரும் ஏதாவது பதிகிறாரா என்று கேட்டேன். 

"அந்த மீட்டர மாத்து. எடுக்க வர்றவங்க பாப்பாங்க."

"வேணாம் சார். உள்ளது இருக்கட்டும்."

"நீ சும்மா இரும்மா."

கட்டளைக்குப் பணியும்படி என்னை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி உருவாக்கியவர்களும் இவரைப் போன்றவர்களே.

நாள் 2, 03:15

திரையில் இப்போது 22. உண்மையான சராசரி 11.3. இன்ஜின் ஓடாததால் இனி அது குறையாது.

உள்ளே ஒருவர் மூச்சுவிடும் ஓசை மட்டுமே கேட்கிறது. அது யாருடைய