கணக்கு வகுப்புக்கு வெளியே

6 ஆகஸ்ட் 2024

காலையில் மாரண்டஹள்ளியில் ஏறும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒருவர் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கு நாள் சரியில்லை என்று.

மூன்றாவது பீரியட் கணக்கு. இயற்பியல் படிக்க வந்தவனுக்கு அதுவும் ஒரு துணைப்பாடம். அமுதவல்லி மேடம் முழுக்க இங்கிலீஷில் நடத்துகிறார். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்த எனக்கு, போர்டில் எண்கள் மட்டும்தான் தெரிந்த முகங்கள். "புரியுதா?" என்று கேட்டார். எல்லாரும் "புரியுது மேடம்" என்றார்கள். நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஒரு மாதமாக அதைத்தானே சொல்கிறோம். "நீ வா, இந்தக் கணக்கைப் போடு" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நகரவில்லை.

"புரியலன்னா எதுக்குப் புரியுதுன்ன? பொய் சொல்றவனுக்கு என் கிளாஸ்ல இடமில்ல. வெளிய போ. இனிமே என் கிளாஸ் பக்கமே வராத."

வந்துவிட்டேன். வகுப்பே பார்க்க. ச்சே.

7 ஆகஸ்ட்

கணக்கு பீரியட் மணி அடித்ததும், மேடம் வருவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் வரச்சொல்லாமல் எப்படி உட்காருவது?

16 ஆகஸ்ட்

லைப்ரரிக்குப் பின்னால் ஒரு புங்க மரம் இருக்கிறது. கணக்கு நேரம் முழுவதும் எனக்கு அங்கேதான் வாசம். மேடம் யாரையாவது அனுப்பிக் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் வரவில்லை. கோபம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் பெரியப்பா அப்பாவிடம், "என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றார். அப்பா இன்றுவரை மிதிக்கவில்லை. பெரியப்பாவே வந்து கூப்பிட்டால் போவார். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஆனால் ஒன்று. மரத்தடியில் உட்காரும்போது கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது. போர்டு முன்னால் நிற்க வேண்டாமே. அப்படியானால் நான் சொல்பேச்சு கேட்கிறேனா, பயந்துகொண்டு இருக்கிறேனா? தெரியவில்லை.

10 செப்டம்பர்

வராந்தாவில் மேடம் எதிரே வந்தார். "வணக்கம் மேடம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நிற்கக்கூட இல்லை. இன்னும் மன்னிக்கவில்லை.

வகுப்பில் எனக்கு இப்போது கெத்து. "திட்டினாங்கன்னு கிளாஸையே கட் அடிக்கிறான் பாரு, ஆம்பளடா நீ" என்று கடைசி பெஞ்ச்காரர்கள் முதுகில் தட்டுகிறார்கள். துரத்தப்பட்டவன் என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

26 செப்டம்பர்

அம்மா பக்கத்து வீட்டுக் கலைமணி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம் பையன் ஒரு நாளுகூட லீவு போடறதில்லக்கா." உண்மைதான். ஒரு நாள்கூட நான் லீவு போடவில்லை.

கல்லூரி திறந்த அன்று கோட் போட்ட ஒருவர் வந்து, கல்லூரியில் ஜெயிப்பது எப்படி என்று பேசினார். விடியற்காலையில் எழு, செல்போனைக் குறை, லைப்ரரியைப் பயன்படுத்து, பெரிதாகக் கனவு காண். எல்லாவற்றையும் விழுந்து விழுந்து எழுதினேன். லைப்ரரியை என் அளவுக்கு யார் பயன்படுத்துகிறார்கள்? சாய்ந்து சாய்ந்து அதன் பின்சுவரையே தேய்த்துவிட்டேன். வகுப்பைவிட்டுத் துரத்தினால் என்ன செய்வது என்று மட்டும் அந்த மனுஷன் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

3 அக்டோபர்

இன்று கணக்கு இன்டர்னல் டெஸ்ட். அதற்கும் போகவில்லை.

16 அக்டோபர்

நோட்டீஸ் போர்டில் வருகைப் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் வருகையைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். எனக்குக் கணக்கில் முப்பத்திரண்டு. பரீட்சை எழுத அனுமதி இல்லை. அடுத்த வருஷம், புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டுமாம்.

வராதே என்றதும் அவர். வரவில்லை என்று போட்டதும் அவர். என்ன நியாயம் இது?

17 அக்டோபர்

பாலக்கோட்டில் ஏறும் சோஹைலிடம் சொல்லிவிட்டேன். எங்கள் கல்லூரியில்தான் இரண்டாம் வருஷம் பி.காம். படிக்கிறான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

"டேய் லூசு! வராதன்னா வராமயே இருந்துருவியா? அதெல்லாம் கோவத்துல சொல்றதுடா. மறுநாளு வாசல்ல நின்னு, சாரி மேடம்னு ஒரு வார்த்தை சொல்லணும். ரெண்டு திட்டு திட்டிட்டு, போயி உக்காருன்னுவாங்க. எங்கக்கா எனக்கு மொத வாரமே சொல்லிக் குடுத்துச்சு."

எனக்கு அக்கா இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். ஒரே ஒரு வார்த்தை — அதற்கா ஒரு வருஷம்? எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

18 அக்டோபர்

ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "சாரி மேடம்" என்றேன்.

"எதுக்கு? நீ எந்த டிபார்ட்மென்ட்?"

பெயரைச் சொன்னேன். "ஓ, வர்றதே இல்லையே, அந்த மாதேஷா?" என்றார். நீங்கள்தானே வராதே என்று சொன்னீர்கள் என்றேன். "நானா? எப்ப?" என்று யோசித்தார். நடிப்பில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்று சாயங்காலமே மறந்திருப்பார். அவர் கோபம் தணியட்டும் என்று இரண்டு மாதத்துக்கு மேல் மரத்தடியில் காத்திருந்தேன். அங்கே தணிவதற்குக் கோபமே இல்லை.

"லிஸ்ட் மேல போயிடுச்சேப்பா" என்றார்.

20 அக்டோபர்

சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றதும் போய்விட்டாள். மற்ற பாடங்களைத் திறந்தாலும் எழுத்து ஓடவில்லை. நான் எதுக்குமே லாயக்கில்ல. பேசாம தக்காளிக்குத் தண்ணி கட்டிட்டு இருந்திருக்கலாம். எவன் காலேஜுக்குப் போன்னு சொன்னான்? நானேதானே போனேன். இந்த வூட்ல அழறதுக்குக்கூட ஒரு மூலை இல்ல.

22 அக்டோபர்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் தேவலை என்றும் இருந்தது. கை வேலையை விடாமல் முழுக்கக் கேட்டார்.

"அந்தம்மா வராதன்னாங்க, நீ போவல. இதுல ஓம் மேல என்னடா தப்பு? பெரியவங்க வராதன்ன எடத்துக்கு மானங்கெட்டுப் போவ முடியுமா?"

அப்பா, திட்டியிருக்கலாமே. நாலு அறை விட்டிருக்கலாமே. நான் செய்தது தப்பு என்று இந்த வீட்டில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. அன்றைக்கே வந்து கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். பரீட்சை போனதற்காக அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

24 அக்டோபர்

அப்பா கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் கல்லூரிக்கு வந்தார். மேடம் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை.

"எம் பையன் சொன்ன பேச்சு மீற மாட்டானுங்க. நீங்க வராதன்னீங்க, வரலீங்க. இப்ப வான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வந்துருவானுங்க."

பெருமையாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேடம் எழுந்து பிரின்ஸ்பால் அறைக்குப் போனார். திரும்பி வரும்போதே முகத்தில் பதில் இருந்தது. "என் மேலயும் தப்பு இருக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, நீங்க போயி அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க."



18 நவம்பர்

கணக்குப் பரீட்சை. எனக்கில்லை. தோட்டத்தில் தக்காளி பறித்தேன்.

12 டிசம்பர்

கல்லூரிக்குப் போகும் தர்மபுரி பஸ்ஸை விட்டுவிட்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். ஒரு கம்பெனி வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். அது கல்லூரி ஆபீஸில் இருக்கிறது. திருப்பி வாங்க வேண்டுமென்றால் எல்லா ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், அமுதவல்லி மேடத்திடமும்தான். படிக்கவும் அங்கேதான் போக வேண்டும், படிப்பை விடவும் அங்கேதான் போக வேண்டும். சிரிப்பு வந்தது. மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

2 ஜூலை 2025

புதுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு. கல்லூரியில் ஜெயிக்க வழி சொல்லி இரண்டாம் வருஷத்தில் யாராவது பேச வேண்டுமாம். யாரும் எழவில்லை. "மாதேஷ், நீ வாப்பா" என்றார் அமுதவல்லி மேடம்.

மைக்கைப் பிடித்தேன்.

"கிளாஸுக்கு வராதன்னு யாராவது சொன்னா, மறுநாளு போயி வாசல்ல நில்லுங்க. சாரின்னு சொல்லுங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. இதையெல்லாம் வூட்ல கேக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது. எங்கள மாதிரி சீனியருங்கள கேளுங்க."

ஹாலே சிரித்தது. கைதட்டல் வேறு. நான் ஜோக்கடித்தேன் என்று நினைத்துவிட்டார்கள். மேடம் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். அவர்களுக்கு முதல் பீரியடே கணக்கு. நானும் அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.