பெட்டி இல்லாமல் வந்த பிராசசர்

குற்றாலம்,
ஆடி மாதம், சனிக்கிழமை.

அன்பு மகள் ஸ்வாதிக்கு அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் அப்படித்தான் இருப்பதாகப் போனில் சொல்லுகிறாய், போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது, அதனால் அதை நான் பாதிதான் நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து பேசினால் ரூம் கேட்டு வருகிறவர்கள் கேட்கிறார்கள், வீட்டுக்குள் பேசினால் உன் தம்பி முத்துச்செல்வம் கேட்கிறான், நீயோ மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். சுகந்தி சித்தி மகன் பேச்சிராஜ் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பையில் இடம் போதவில்லை என்று இந்தக் கவரையும் பிரித்துவிடாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்பது கீழே வரும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் கம்ப்யூட்டருக்கு நீ வாங்கிக் கொடுத்த பிராசசர் பழுது என்று கடையில் வாரண்டி கேட்டிருக்கிறாயே, அவர்கள் எழுதித் தரச் சொன்ன தாளில் கையெழுத்துப் போடாதே. பேச்சிராஜ் வருகிற வரைக்கும் பொறு என்று போனில் சொன்னது இதற்காகத்தான்.

இந்த வருடம் சாரல் குறையில்லை. அப்பா வடகரைத் தோப்பே கதி என்று இருக்கிறார், யானை வந்து தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது, ஊரே வந்து பார்த்து யானைதான் என்று உறுதி செய்தது. மாடியில் மேற்குப் பார்த்த ரூம், சீசனில் அதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நீ ஊருக்கு வந்தால் படுப்பதும் அதில்தான், அதை முத்துச்செல்வம் எடுத்துக்கொண்டான். நீ அனுப்பிய பிராசசருக்குக் காற்று வேண்டுமாம். ஓவர்கிளாக் என்று ஒன்று சொன்னான். இவ்வளவு வேகத்தில் ஓடினால் போதும் என்று கம்பெனி சொல்லி அனுப்பியதை, கரண்டைக் கூட்டிக் கொடுத்து அதற்கு மேலே ஓட்டுவதாம். இரண்டு மாடிக்கு வாங்கின மோட்டாரை மூன்றாவது மாடிக்கும் தண்ணீர் ஏற்ற வைத்தோமே, அது மாதிரியா என்று கேட்டேன். அது மாதிரிதான் என்றான். அந்த மோட்டார் எரிந்துபோயிற்றே என்றேன். சூடாகாமல் பார்த்துக்கொண்டால் எரியாது, வெளிநாட்டில் ஐஸ் வைத்து ஓட்டுகிறார்கள், நமக்கு ஐந்தருவிக் காற்று சும்மா கிடைக்கிறது என்றான். ரூம் சும்மா கிடைக்கவில்லை என்று நான் சொன்னது அவன் காதில் விழவில்லை. வருடா வருடம் வருகிற ஆலங்குளத்துக் குடும்பத்தைக் கீழ் ரூமில் போட்டேன், மேலே யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள், கம்ப்யூட்டர் தங்கியிருக்கிறது என்று சொன்னேன். இதையெல்லாம் ஏன் பொறுத்தேன் என்றால், இந்த வேகத்துக்கு இணையத்தில் உலகம் பூராவும் போட்டி நடக்கிறதாம், முன்னால் வருகிறவர்களை, பிராசசரைப் பொருத்துகிற போர்டு செய்கிற கம்பெனிகள் வேலைக்குக் கூப்பிடுமாம். இன்ஜினியரிங் முடித்ததிலிருந்து அவன் ஒன்றை ஆசையாகச் செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இனி பெட்டி விஷயம். நீ கடையில் பெட்டியோடு, மூன்று வருட வாரண்டியோடு வாங்கினாய். பேச்சிராஜ் அதை இங்கே கொண்டுவந்து கொடுத்தபோது ஒரு சோப்பு டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, அதை ஒரு சாக்ஸுக்குள் திணித்துக் கொடுத்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. விமானத்தில் வருகிற நம் ஆட்கள் எவர் எந்தச் சாமானைப் பெட்டியோடு கொண்டுவந்திருக்கிறார்கள். பெட்டி இருந்தால் கஸ்டம்ஸில் புதுச் சாமான் என்று பிடிப்பார்கள், பெட்டியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நாலு பேருக்குக் கோடாலித் தைலம் வைக்கலாம். எனக்கும் ஒரு பாட்டில் வந்தது, நன்றாக இருக்கிறது. ஆனால் சாக்ஸிலிருந்து வெளியே எடுத்த முத்துச்செல்வம், அக்கா டிரே சரக்கை வாங்கிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். கம்ப்யூட்டர் சேர்த்து விற்கிறவர்களுக்கென்று மொத்தமாகத் தட்டில் அடுக்கி, பெட்டியே இல்லாமல் வருகிற சரக்கு உண்டாம், அதைத் தனியாக வாங்கினால் விலை குறைவு, ஆனால் கம்பெனி வாரண்டி நமக்குக் கிடையாது, விற்ற கடைக்காரன் பார்த்துக் கொடுத்தால் உண்டு. தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கிற முகம்மது சலீமிடம் கேட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். ஆசையாக வாங்கிக் கொடுத்தவளிடம் பெட்டி எங்கே என்று கேட்பது அழகில்லை என்று இவன் உன்னிடம் கேட்கவில்லை. நீயும் பெட்டி வந்ததா என்று கேட்கவில்லை. நம் குடும்பத்தில் கேட்க வேண்டியதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பிராசசர் எப்படிக் கெட்டுப்போயிற்று என்றால், ஒரு மத்தியானம் சாரல் நன்றாக அடித்தபோது ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கரண்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். சாரல் உள்ளே வந்து போர்டெல்லாம் வேர்த்துவிட்டது. கருகின வாசம் கீழே கவுண்டர் வரைக்கும் வந்தது, கேட்டதற்குப் பக்கத்து ஹோட்டலில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்றான், நானும் நம்பினேன். நீ கேட்டபோது, வந்ததிலிருந்தே சரியில்லை அக்கா, சரக்கே பழுது என்று சொல்லிவிட்டான். வாரண்டி இல்லாத சாமான்தானே, யாரிடமும் போய் நிற்கப்போவதில்லை, அக்காவிடம் நான்தான் கெடுத்தேன் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். நீ மறுநாளே, பெட்டியோடு வாங்கினதுடா, கடைக்காரனை நான் விடமாட்டேன் என்று கிளம்பிவிட்டாய். தான் சொன்ன பொய்க்கு மூன்று வருட வாரண்டி இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கடையில் பெட்டி மேலே ஒட்டியிருக்கிற நம்பரைக் கேட்கிறார்கள், பெட்டியைத் தேடுங்கள் என்று நீ சொன்னதும் பேச்சிராஜைப் பிடித்தேன். பெட்டியைத் தூரப் போடவில்லை பெரியம்மா, தட்டையாக மடித்து சூட்கேஸ் அடியில் வைத்தேன் என்றான். தென்காசியில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், உன் சித்தி அதை மறுபடியும் பெட்டியாக்கி ஊக்கும் நூல்கண்டும் போட்டு வைத்திருக்கிறாள். கீழே கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன், அவள் முகம் ஒரு மாதிரி போயிற்று, பதிலுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தேன். நம்பர் ஒட்டினது அப்படியே இருந்தது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பில் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்ததும் தட்டில் சோறு இருக்கவே கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனான். என்ன ஆயிற்று இவனுக்கு என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எம்மா, அந்தப் பெட்டிய அக்காவுக்கு அனுப்பிராத. சரக்குல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் கரண்ட ஏத்தி ஏத்திக் கெடுத்தேன். அவ ஊருக்கு வர வச்சிருந்த காசுல வாங்குனது. அவ கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்” என்றான்.

நீ சித்திரையில் வருவதாக இருந்து வராமல் போனது இதனால்தான் என்று எனக்கும் தெரியும், நீ சொல்லாவிட்டாலும் தெரியும். அந்தப் பிராசசர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ரூம் பெருக்கப் போகும்போது அதை முறைத்துப் பார்த்திருக்கிறேன். என் மகள் வந்து படுக்க வேண்டிய ரூமில் அது உட்கார்ந்திருந்தது. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது ஸ்வாதி, போனில் கேட்டால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவேன்.

பெட்டி என்னிடம் இருக்கிறது, அனுப்பவில்லை. சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டவில்லை, தண்ணீர் படவில்லை என்று நீ எழுதிக் கொடுத்தால் புதுசு கிடைக்கலாம். ஆனால் நீ வேலை பார்க்கிற ஊரில், உன் பெயரில், நீ செய்யாத காரியத்துக்கு ஒரு பொய் இருக்க வேண்டாம். கடைக்காரரிடம், விசாரித்தேன், தப்பு எங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிடு. நீ போட்ட சண்டைக்கு ஒரு மன்னிப்பும் கேட்டுவிடு, நீ எப்படிச் சண்டை போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். முத்துச்செல்வத்தை சலீம் தன் கடைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமையிலிருந்து போகிறான். மேல் ரூம் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பேச்சிராஜிடம் அரிசி வற்றலும் நார்த்தங்காயும் கொடுத்திருக்கிறேன், பாட்டிலைத் தூரப் போட்டுவிட்டுப் பாலிதீனில் கொண்டுவந்து தருவான், வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. குற்றாலநாதர் உன்னைக் கண் போலக் காப்பார், அப்பாவும் நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறோம். புதன்கிழமை உனக்கு லீவு என்று சொன்னாய், அன்றைக்கு முத்துச்செல்வமே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லுவான், நான் எழுதிவிட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. போனை எடு. சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே. முடித்ததும் நன்றாகத் திட்டு. பரவாயில்லைடா என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை அவன் தாங்கமாட்டான். நீ திட்டினால்தான் அவன் ராத்திரி சாப்பிடுவான்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஆனந்தவள்ளி.