தூசு படிந்த ஆறு டின்கள்

ஆவணி 4, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. சுங்கை பட்டாணிக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததிலிருந்து கடிகாரம் ஜப்பான் நேரம் காட்டுகிறது, வயிறு இன்னும் பழைய நேரத்தில்தான் பசிக்கிறது.

எங்கள் மொத்தக் கடையில் இன்றைய இருப்பு:
சலவைச் சோப்பு - இல்லை. தேங்காயெண்ணெயும் சாம்பலும் கலந்து முதலாளி காய்ச்சியது 40 கட்டி. நுரை வராது. கை அரிக்கும்.
பல்பொடி - கரிதான். லேபிள் மட்டும் பழைய சீமை லேபிள்.
அயோடின் - இரண்டு புட்டி.
முகப்பவுடர், மல்லிகை மார்க் - 5 டஜன்.
காய்ச்சலுக்குக் கொயினா - இல்லை என்று ஜப்பான்காரனுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

இருக்கிறது. இங்கே மட்டும் எழுதலாம். இனிமேல் 'கொ.' என்றே எழுதுகிறேன். இந்த நோட்டைப் பிடித்துப் படிக்கிறவனுக்கு அந்த ஓர் எழுத்தே போதும், ஆனாலும் ஒரு திருப்தி.

மாத்திரையைப் பஞ்சு வைத்து ஆடாமல் அடைத்து, மேலே காகித வட்டம், அதன்மேல் அரை விரல் பவுடர். ஆறு டின். அலமாரிக் கடைசி வரிசையில் மற்ற பவுடர் டின்களோடு. டின்னில் குறி எதுவும் போடவில்லை. குறி போட்டால் தேடுகிறவன் கண்ணில் படும். தூசுதான் அடையாளம். நான்கு மாதமாக அந்த ஆறை மட்டும் துடைப்பதில்லை. எந்த டின் என்பது முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தோட்டத்து ஆட்களுக்காக வைத்தது.

திங்கட்கிழமை சோதனை என்று நோட்டீஸ். கொ. ஒளித்து வைத்தால் தலை போகும் என்று மூன்று பாஷையில் ஒட்டியிருக்கிறார்கள்.

மத்தியானம் முடிவெட்டுகிற மாரியப்பன் வந்தார். பெரிய தெருவில் கடை. இப்போது அங்கே ஜப்பான் அதிகாரிகள்தான் முகம் மழிக்க வருகிறார்கள். சட்டையெல்லாம் நனைந்து நின்றார். கடையில் கணக்கெழுதுகிறவன் என்பதால் என்னைக் கிராணி என்பார்.

"கிராணியாரே, பொண்டாட்டிக்கு ஒரு வாரமா குளுர் காய்ச்சல். நாலு மாத்திர இருந்தாப் போதும்."

"தூள்கூட இல்ல மாரி. எழுதிக் குடுத்துட்டோம்ல."

"ரெண்டாச்சும்?"

"இருந்தா ஒங்களுக்கு இல்லம்பேனா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன். ஜப்பான்காரன் கழுத்தில் கத்தி வைக்கிற கை அவருடையது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவனாவது கேட்டால் வாய் என்ன சொல்லுமோ. போகும்போது "சரி, சூசா லா" என்றார். கஷ்டம்தான் என்று மலாயில். திரும்பிப் பார்க்கவில்லை.

ராத்திரி மரவள்ளிக்கிழங்கு, உப்பு.

ஆவணி 5, சனி

மழை விட்டது. புழுக்கம்.

புக்கிட் செலம்பாவ் தோட்டத்து டிரசர் சிவசாமி ஆள் மூலம் சீட்டு அனுப்பியிருக்கிறார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான் மருந்து கொடுக்கிறவர். "லயத்து வீடுகளில் பதினேழு பேர் காய்ச்சலில் படுக்கை. உங்கள் தங்கையும். செவ்வாய்க்கிழமை நானே வருகிறேன்."

செல்லம்மா. அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம். ஒரு சேதி இல்லை. பெண் குழந்தைக்கு இரண்டு வயது. இன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாமா? வழியில் இரண்டு இடத்தில் காவல். பையை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். சோப்பு கொண்டுபோக டிரசருக்குத்தான் பாஸ் இருக்கிறது, எனக்கு இல்லை.

செவ்வாய். இன்னும் மூன்று நாள்.

கை சும்மா இருக்கவில்லை. கடை முழுக்க அலமாரிகளைத் துடைத்தேன். பழசு முன்னால், புதுசு பின்னால், முன் வரிசையில் ஓட்டை தெரியக் கூடாது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். சோதனைக்கு வருகிறவன் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. முதலாளி பார்த்துவிட்டு, "மாப்புள வீட்டுக்காரங்களா வராங்க?" என்றார். சிரிப்பு வந்தது. செல்லம்மா நினைவு வந்ததும் நின்றுவிட்டது.

ஆவணி 7, திங்கள்

முடிந்துவிட்டது. தப்பினோம்.

அதிகாரி ஒருவன், சிப்பாய் இரண்டு பேர், மொழிபெயர்க்க ஒரு சீனர். அரிசிப் பானையில் கையை விட்டான். அயோடின் புட்டியை முகர்ந்தான். பவுடர் அலமாரி முன்னால் வந்து நின்றான். எனக்குக் காதுக்குள் அடைத்துக்கொண்டது. விரலால் தட்டைத் தடவிப் பார்த்தான். தூசு இல்லை. என்னவோ சொன்னான்.

"ரொம்ப சுத்தம் சொல்றாரு," என்றார் சீனர். என்னை அப்படி மெச்சினவர் இந்தக் கடையில் இன்றுவரை யாரும் இல்லை.

அதோடு விடவில்லை. மாரியப்பன் கடைக்கு ஒரு டஜன் பவுடர் இப்போதே அனுப்ப வேண்டும், மழித்தபின் பூசுவதற்கு. முதலாளி முன் வரிசையிலிருந்து பன்னிரண்டு எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். சிப்பாய் தூக்கிக்கொண்டு போனான். நான் தண்ணீர் குடித்தேன், மூன்று குவளை.

ஆவணி 8, செவ்வாய்

காலை எட்டு மணிக்குச் சிவசாமி வந்துவிட்டார். அலமாரிக் கடைசி வரிசைக்குக் கையை விட்டேன். தூசு படிந்த டின் ஒன்றுகூட இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை துடைத்தது நான்தான். இந்தக் கைதான். தூசு பார்த்தால் பழைய சரக்கு, பழைய சரக்கு முன்னால். எதை ஒளித்தேன் என்பது மனதில் இருந்தது, கைக்கு அது தெரியவில்லை. மடையன். பன்னிரண்டு வருஷ மடையன்.

மிச்சமிருந்த நான்கு டஜனையும் தராசில் வைத்தோம். கொ. டின் பவுடர் டின்னைவிடக் கனம். ஒன்றும் தாழவில்லை. ஆறும் போய்விட்டது. அதிகாரிகள் மழித்துக்கொள்கிற கடைக்கு.

முதலாளி கயிற்றை எடுத்தார். "நீ போ. பழைய சரக்கு, மாத்தித் தர்றோம்னு சொல்லு. மொத்தக் கடைன்னா அது வழக்கந்தான." ஒரு டஜன் நல்ல பவுடர் கட்டிக் கொடுத்தார்.

மாரியப்பன் கடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நேற்று வந்த அதே அதிகாரி, முகத்தில் சுடுதுணி. நான் கொண்டுபோன பெட்டியைக் கீழே வைத்தேன். வாய் திறப்பதற்குள் மாரியப்பன் இன்னொரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

தலையில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தார். மீசை இல்லை. ஜப்பான்காரனுக்காக எடுத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். கண் சுவர்த்தட்டில் இருந்த டின்கள் மேலேயே. பதினொன்று மூடியது. ஒன்று திறந்தது.

மழித்தார். கத்தி தொண்டையில் நிதானமாக இறங்கியது. முடிந்ததும் திறந்த டின்னில் பிரஷை விட்டு என் கழுத்தில் தட்டினார். காகித வட்டம் கிழிந்திருக்க வேண்டும், மடியில் இருந்த வெள்ளைத் துணியில் ஒரு வெள்ளை மாத்திரை விழுந்தது.

அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தில் அதிகாரி சுடுதுணிக்குள் மூச்சு விடுகிற சத்தம்.

மாரியப்பன் துணியை உதறுவதுபோல் எடுத்தார். மாத்திரை உள்ளங்கைக்குள் போனது.

"பழைய சரக்கு வந்திருச்சு மாரி. மாத்திக் குடுக்கலாம்னு..." பெட்டியைக் காட்டினேன்.

துணிக்குள்ளிருந்து அதிகாரி ஏதோ கேட்டான்.

"பாராங் லாமா, துவான். பழய சாமான்," என்றார் மாரியப்பன். பதினொன்றையும் பெட்டியில் எடுத்து வைத்து, கயிறு போட்டு, இரண்டு முடிச்சு போட்டுக் கொடுத்தார்.

"தெறந்தது?"

"அது இங்க இருக்கட்டும்."

கடைக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. தராசில் வைத்தோம். ஐந்து டின் தாழ்ந்தது. சிவசாமி சோப்பு மூட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினார். "மொதல்ல ஒங்க தங்கச்சிக்குத்தான்," என்றார். மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டுமோ, தெரியாது.

ஆவணி 9, புதன்

வெயில். தலைவலி.

ஆறாவது டின் அவரிடம். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. பூட்ஸ் சத்தம் கேட்டால் பின்வாசலைப் பார்க்கிறேன். முதலாளி இரண்டு தடவை கக்கூஸ் போனார், மூன்றாவது தடவை நான்.

ஒரு பாட்டி தலைக்கு எண்ணெய் கேட்டு வந்தாள். புட்டி கொண்டுவரவில்லை. திட்டிவிட்டேன். பாவம்.

மாரியப்பனுக்கு இப்போது மாத்திரை கிடைத்தாயிற்று, பொண்டாட்டிக்குக் கொடுத்திருப்பார், அந்தச் சந்தோஷத்தில் வாயைத் திறக்க மாட்டார். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பிட முடிந்தது.

ஆவணி 11, வெள்ளி

மறுபடி மழை.

காலையில் சிவசாமியின் சீட்டு. "தங்கைக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள். பதினேழில் பதினான்கு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் இருந்தால் நல்லது." மூன்று தடவை படித்தேன். அழுதேன். முதலாளி பார்க்காததுபோல் சோப்பு எண்ணினார்.

மூன்று மணிக்கு மாரியப்பன். கையில் துண்டில் சுற்றிய டின். மேசைமேல் வைத்தார். தலையில் துண்டு இல்லாததால் இன்றுதான் பார்த்தேன். மொட்டை. மீசை எடுத்த இடம் வெளுப்பாக. காரியத்துக்கு எடுக்கிற மொட்டை. செவ்வாய்க்கிழமையே கண்ணெதிரே இருந்தது. நான் டின்னைத்தான் பார்த்தேன்.

"மாரி, எப்ப?"

"ஞாயித்துக்கெழம. அடக்கம் பண்ணிட்டு மறுநாளே கடையத் தொறக்கச் சொல்லிட்டானுங்க."

பெட்டி போனது திங்கட்கிழமை.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தோட்டத்துக்காக என்றா? தங்கைக்காக என்றா? நான் பொய் சொன்னேன். அவள் செத்தாள். இதை வேறு எப்படி எழுதினாலும் இதுதான்.

"ஒங்க டின்னு. நிறுத்துப் பாத்துக்குங்க. நா ஒண்ணும் எடுக்கல, அன்னிக்கி விழுந்தது ஒண்ணத் தவர."

"எல்லாத்தையும் வெச்சிக்குங்க மாரி."

"எனக்கு எதுக்கு இனி? தோட்டத்து லயமெல்லாம் காய்ச்சலாமே, படுத்துக் கெடக்குறவங்களுக்குக் குடுங்க."

"அந்த ஒண்ணு?"

சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "அது இருக்கட்டும்."

மழையில் இறங்கிப் போனார். குடை கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

டின் மேசைமேலேயே. அலமாரியில் வைக்கக் கை வரவில்லை.

சிவசாமிக்குப் பதில் சீட்டு எழுதினேன்: இன்னும் ஒரு டின் இருக்கிறது. மாத்திரை ஒன்று குறைவு.